சேமக்காலைக்கு வெளியே

“உங்களுக்கு விசரே?” என்று ஞானமலர் கேட்டாள். “பெத்த தாயின்ரை செத்தவீட்டுக்குப் போக ஏலேல்லை. ஆரோ ஒரு மனுசியின்ரை கல்லறைக்கு ஞாயிற்றுக்கிழமையும் வெளிக்கிடுறியள்.”

மடுத்தீன் சப்பாத்தைப் போட்டான். மனைவி சொன்னது முழுக்க உண்மை. போன மாதம் பாசையூரில் அம்மா கண்ணை மூடிவிட்டார். அகதிக்குப் பிரான்ஸ் கொடுத்த பயணப் புத்தகம் உலகம் முழுக்கச் செல்லும், இலங்கைக்கு மட்டும் செல்லாது. நல்ல புத்தகம்தான் போங்கள். அவன் ஒரு பிடி மண் போடவில்லை. செத்தவீட்டால் வந்து கிணற்றடியில் முழுகவுமில்லை. அடுத்த நாளே வேலைக்குப் போய்க் காற்சட்டைகளுக்கு இஸ்திரிக்கை போட்டான். அழுகை வரவேயில்லை. அதுதான் அவனைத் தின்றது.

வேலை, லா சப்பல் பகுதியில் முதலாளி மெசியே கட்ஸின் தையற்கடையில். கிழவர் யூதர், அதுவும் ஆரோனின் வழிவந்த குருக்கள் வம்சம். எருசலேம் கோயில் இடிந்து எத்தனையோ தலைமுறையாகிவிட்டது, பலிபீடமும் இல்லை. ஆனால் குருவானவன் பிணத்துக்குக் கிட்டப் போய்த் தீட்டுப்படக்கூடாது என்ற சட்டம் மட்டும் அவரை விட்டபாடில்லை. மனைவியை அடக்கம் செய்த அன்று மட்டும் உள்ளே போக அனுமதி. அதன் பிறகு கல்லறைகள் இருக்கும் சேமக்காலையின் மதிலோடு நிற்கவேண்டியதுதான். இன்று அவளுடைய ஆண்டு நினைவு. தனக்காக உள்ளே போகச் சொல்லி மடுத்தீனைக் கேட்டிருந்தார்.

சேமக்காலை வாசலில் மடுத்தீன் மெழுகுதிரியை எடுத்தான். திரியில்லாமல் எந்தக் கத்தோலிக்கன் கல்லறைக்குப் போவான்?

“எங்களுக்குத் திரி வீட்டில்தான்,” என்று சொல்லிக் கிழவர் ஒரு கூழாங்கல்லைக் கொடுத்தார். “இதைக் கல்லறைமேல் வை.”

“நீங்களே ஒருக்கால் வந்தால் ஆருக்குத் தெரியும்?” மடுத்தீன் தன் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டான்.

“அவளுக்குத் தெரியும். செத்தவீடுகளுக்குள் நுழையவிடாமல் என் கையைப் பிடித்து இழுத்தவளே அவள்தான்.” சொல்லிவிட்டு உள்ளே பார்த்தபடி நின்றார். பார்வை மட்டும் மதிலைத் தாண்டிப் போனது.

மடுத்தீன் கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்துக் கல்லை வைத்தான். திரும்பவேண்டியதுதானே? கால் வரவில்லை. பாதையோரத்தில் இன்னொரு கல்லைப் பொறுக்கினான். முதற் கல்லுக்குப் பக்கத்தில் வைத்து, “அம்மா, என்னாலை வர ஏலேல்லை,” என்றான். அவ்வளவுதான், ஒரு மாதமாக அடைத்துக் கிடந்த அழுகை வெடித்தது. யாரோ ஒருத்தியின் கல்லறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான்.

வெளியே கிழவர் குளிரில் விறைத்துப்போய் நின்றார்.

“ரெண்டு கல் வைச்சேன், மெசியே. மற்றது என்ரை அம்மாவுக்கு. மன்னிக்கவேணும்.”

“நல்லது,” என்றார் கிழவர். “அவள் தனியாகக் கிடந்தாள்.”

கோட்டுப் பைக்குள்ளிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். சேமக்காலையால் வருகிறவர்கள் கை கழுவவேண்டுமாம். மடுத்தீன் கைகளை நீட்டினான். தண்ணீர் பட்டதும் உடம்பு சிலிர்த்தது.

“இன்னும் ஊத்துங்கோ,” என்றான், தமிழில்.

கிழவருக்கு என்ன விளங்கியதோ, நிறுத்தாமல் ஊற்றினார். மடுத்தீன் தெருவோரத்தில் முழங்காலிட்டு, போத்தலுக்குக் கீழே தலையைக் கொடுத்தான்.