வாடாத வரிசை

கிணற்றில் தண்ணீர் கிடக்க, அதன் பக்கத்திலேயே நெற்பயிரைக் காயவிடுகிற ஆளை அரிமளம் பக்கம் யாரும் பார்த்ததில்லை. ஆத்மநாதன் அதைத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தான். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருசம் விவசாயக் கல்லூரியில் சேர்ந்தவன். இப்போது நெல் ஆராய்ச்சியில் வேலை. மேட்டுநிலத்துச் சிவப்பு நெல் வறட்சி தாங்கும், ஆனால் விளைச்சல் வாய்க்கும் வயிற்றுக்கும் காணாது. ஆற்றுப் பாசன நெல் வாரிக் கொடுக்கும், பத்து நாள் தண்ணீர் இல்லாவிட்டால் மண்டையைப் போட்டுவிடும். இரண்டையும் ஒட்டுச் சேர்த்து, பிறந்த வாரிசுகளில் தேறியதைப் பொறுக்கிப் பொறுக்கியே ஏழெட்டு வருசத்தை ஓட்டிவிட்டான். அதில் அவன் கல்யாணமும் தள்ளிக்கொண்டே போனது.

கடைசிச் சோதனைக்கு மூக்கன் என்கிற சம்சாரியின் மானாவாரி மேட்டைக் கேட்டு வாங்கி, ஆடியில் புழுதியிலேயே விதைத்தான். மேல்வரப்பிலிருந்து சரிவில் இறங்கி, வகைக்கு நாலு வரிசை. "மழை பெஞ்சாப் பெய்யட்டும்ணே. பெய்யலன்னா ஒரு சொட்டுத் தண்ணி காட்டக்கூடாது" என்று மூக்கனிடம் சொல்லி வைத்தான். பெரிய ஆபீசர் செபமாலை இவனிடம் அதைவிடக் கறாராகச் சொல்லியிருந்தார்: "இந்த வருசமும் ஒண்ணும் தேறலன்னா நெல்ல மூட்டை கட்டிட்டு கடலை ஆராய்ச்சிக்குப் போயிருங்க."

ஆவணி மழை பயிரை வளர்த்தது, புரட்டாசி கைவிட்டது. கதிர் உள்ளே பொதி கட்டுகிற நேரத்தில் வானம் வெளுத்துக் கிடந்தது. ஊரே மழை கேட்டுக் கும்பிட, ஆத்மநாதன் மட்டும் இன்னும் பத்து நாள் பெய்யக்கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டான். வெளியே சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்.

ஆபீஸ் வேலையாக ஒரு வாரம் திருச்சியில் இருந்துவிட்டு வந்தவன், சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டுக் குனிந்தான். செடிகளின் தூரில் மண் ஈரமாக இருந்தது. கிணற்றடியில் மூக்கனின் பெண்சாதி இருளாயி இடுப்பில் குடத்தோடு நின்றாள். அவள் குடத்தை ஒளிக்கக்கூட இல்லை.

"யாருக்கா தண்ணி ஊத்துனது?"

"நான்தான் தம்பி. நீங்க போனதுலருந்து ஊத்துறேன்."

"ஊத்தக்கூடாதுன்னு அண்ணன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"அவுகளும் சொன்னாகதான். கதிர வயித்துல வச்சுக்கிட்டு அது வாடி நிக்கிதுங்க. புள்ளத்தாச்சி தண்ணி கேட்டா இல்லன்னு சொல்லுவோமா? பக்கத்துல கெணத்த வச்சுக்கிட்டு, பாத்தும் பாக்காத மாதிரிப் போக எனக்கு மனசு வரல."

ஆத்மநாதன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். ஏழெட்டு வருச உழைப்பை ஒரு மண்குடம் கவிழ்த்துவிட்டது. நாலு வார்த்தை ஏசலாம் என்று பார்த்தால் கோபம் வரவில்லை, அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. அவள் சொன்னதில் என்ன தப்பு இருக்கிறது? இந்த மண்ணில் பிறந்தவள் வேறு எப்படிச் செய்வாள்?

"எல்லாத்துக்குமா ஊத்துனீங்க?" என்றான் கடைசியில்.

"வாடுனதுக்கெல்லாம் ஊத்துனேன். அந்தா, மேவரப்பு ஓரமா நாலு வரிசை நிக்கிது பாருங்க, அதுக்கு மட்டும் ஊத்தல. அது வாடல. வாடாததுக்கு எதுக்கு வீணாத் தண்ணி?"

அவன் விழுந்தடித்துக்கொண்டு மேல்வரப்புக்கு ஓடினான். தூரில் விரலை விட்டுக் கிளறினால் புழுதி பறந்தது. வெயில் உச்சிக்கு ஏறும்வரை அங்கேயே நின்றான். தண்ணீர் குடித்த வரிசைகளெல்லாம் மறுபடி இலையைச் சுருட்டிக்கொண்டன. அந்த நாலு வரிசை மட்டும் இலையை விரித்தபடி நின்றது.

விஷயம் தெரிந்து வந்த செபமாலை உதட்டைப் பிதுக்கினார். "தண்ணிய ஊத்திட்டு என்னய்யா வறட்சிச் சோதனை?"

ஆத்மநாதன் அவரிடம் முதல்தடவையாகக் குரலை உயர்த்திப் பேசினான். "குடிச்சதும் குடிக்காததும் ஒரே நெலத்துல நிக்கிது சார். இந்த நாலும் மேட்டோரம், பள்ளத்துல ஊத்துன தண்ணி மேட்டுக்கு ஏறாது. அறுத்துப் பாத்துட்டு மூட்டை கட்டச் சொல்லுங்க, கட்டுறேன்."

கார்த்திகையில் தனித்தனியாக அறுத்து, தனித்தனியாக அடித்தார்கள். குடத்துத் தண்ணீர் குடித்த நெல்லைத் தூற்றியபோது பாதிக்கு மேல் பதராகப் பறந்தது. மேல்வரப்பு நெல்லில் செபமாலை ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்து ஊதினார். ஒன்றும் பறக்கவில்லை. இன்னொரு பிடி அள்ளி ஊதினார். ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு மணிகூட சோத்துக்குப் போகக்கூடாது. அம்புட்டும் விதைக்குத்தான்" என்றார்.

ஆத்மநாதன் மூக்கனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தான். வாழ்க்கையில் அவன் அவ்வளவு சந்தோசமாக அதற்குமுன் இருந்ததில்லை. பிறகு இருளாயியிடம் திரும்பினான்.

"அடுத்த ஆடிக்கு உங்க மேட்டுல இதத்தான் வெதைக்கப் போறோம்க்கா. தண்ணி மட்டும் ஊத்திராதீங்க."

"வாடுனா ஊத்தத்தான் செய்வேன்" என்றாள் அவள். சிரிக்கவில்லை.

மறுவருசமும் புரட்டாசி பொய்த்தது. ஆத்மநாதன் சைக்கிளை மிதித்து வந்தபோது மேடு முழுக்கப் பச்சை நின்றது. இருளாயி வெறுங்கையை வீசிக்கொண்டு வரப்பில் வந்தாள்.

"குடம் எங்கக்கா?"

"வீட்டுல கெடக்கு தம்பி. இங்கிட்டு அதுக்கு என்ன வேலை?"