மூன்று மேனேஜர்களும் ஒரு பஸ் ஸ்டாப்பும்

சமயநல்லூரில் சோப்பு, பல்பொடி, தைலம் செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு மேனேஜர். மூன்று சரக்கும் விற்காமல் தேங்கிக் கிடந்தன. முதலாளி காசிமாயன், புதிதாகச் சேர்ந்த சகாயமேரியைக் கூப்பிட்டார்.

"மேனேஜருக எதுக்கு எம்புட்டு நேரம் செலவழிக்கிறாகன்னு கேட்டு எழுதிட்டு வா. இன்னைக்குள்ள வரலைன்னா, நாளைக்கு நீ வர வேண்டாம்."

வேலை போனால் சித்தப்பா வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே அவளுக்குப் பிடிக்காத மாப்பிள்ளை ஒருவன் காத்திருந்தான்.

சோப்பு மேனேஜர் வெள்ளைத்துரையிடம் போனாள். அவர் ஒரு வியாபாரியை வழியனுப்பக் கிளம்பிக்கொண்டிருந்தார். வந்தவரை பஸ் ஏற்றிவிடாமல் திரும்பினால் அந்த ஆபீஸில் மரியாதைக் குறைவு. ஒருவர் மட்டும் போனால் மற்றவர்களுக்குத் தன்மேல் மனத்தாங்கல் என்று வந்தவர் நினைத்துவிடுவாராம். அதனால் மூன்று மேனேஜர்களும் போனார்கள். வந்த பஸ்ஸில் சீட் இல்லை. "நின்னுக்கிட்டா போவாக?" என்று அதை விட்டார்கள். அடுத்ததில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தால் வேறொருவர் கிளம்பத் தயாராக நின்றார்.

சகாயமேரி பின்னாலேயே அலைந்தாள். வாய் திறக்கும்போதெல்லாம் பஸ் வந்தது. மதியம் பல்பொடி மேனேஜர் மரியராஜ் அவளைப் பார்த்துவிட்டார்.

"அடடா, பாப்பா எம்புட்டு நேரமா நிக்குது! அண்ணே, வாங்க, ஏத்தி விட்டுருவோம்."

"சார், நான் போகல…"

ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டே பிடித்துக் கொடுத்துவிட்டார். அடுத்த ஊரான பரவையில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வந்தாள்.

அதற்குள் முதலாளியே பஸ் ஸ்டாப்புக்கு வந்திருந்தார். கையில் பை.

"என்னய்யா நடக்குது இங்க?"

"ஐயா ஊருக்குக் கிளம்பிட்டாக போல! மாப்ள, பையை வாங்கு!" என்றார் தைலம் மேனேஜர்.

அவர் திமிறத் திமிற வாடிப்பட்டி பஸ்ஸில் ஏற்றினார்கள். வெள்ளைத்துரை பஸ்ஸைத் தட்டி, "ரைட், ரைட்!" என்றார். ஜன்னலில் முதலாளியின் தலை தெரிந்தது.

"ஏ புள்ள! திரும்பி வாரேன். கணக்கு இல்லைன்னா உனக்கு வேலை இல்ல!"

பஸ் போயிற்று. மூவரும் கைகாட்டி முடித்து அவள் பக்கம் திரும்பினார்கள்.

"பாப்பா, நீ எந்த பஸ்ஸு?"

சகாயமேரி மைல்கல்லில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள்.

"கடைசி பஸ்ஸு சார்."

வேறு வழியின்றி மூவரும் பக்கத்திலேயே குந்தினார்கள்.

"சொல்லுங்க சார், காலையில ஆபீஸுக்கு வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?"

வெள்ளைத்துரை நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"யாரு கிளம்புறாகன்னு பாப்போம்மா."

அவள் எழுதிக்கொண்டாள்.