யார் பக்கமும் இல்லாத டாக்டர்

அந்த டாக்டரைப் பார்க்கக் கிளம்பிய காலையில் அவள் கணவனின் ஸ்கேன்களை எல்லாம் பையில் எடுத்து வைத்தாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் இருந்தபோது லிஃப்ட் குழிக்குள் விழுந்து, முதுகில் அடிபட்டு, அரை வருடமாக வீட்டில் கிடந்தான். இன்னும் ஓய்வு வேண்டும் என்றார் சிகிச்சை பார்த்த டாக்டர். இன்சூரன்ஸ் கம்பெனி நம்பவில்லை. இதுவரை அவனைப் பார்த்தே இராத ஒரு டாக்டர் இரு தரப்புக்கும் பொதுவாகப் பரிசோதித்து எழுதட்டும் என்று அனுப்பிவிட்டது.

"பொதுவாவது மண்ணாவது. அவங்க ஏற்பாடு பண்ண டாக்டர் அவங்களுக்குத்தான் எழுதுவாங்க. மாப்பிள்ளை, தொட்டா கத்துங்க. தொடாட்டியும் கத்துங்க" என்றான் அவளுடைய அண்ணன். அவளும் தலையாட்டி வைத்தாள்.

டாக்டரின் அறை நான்காவது மாடியில். "நீ லிஃப்ட்ல போ, நான் மெதுவா வரேன்" என்றவன், மூச்சிரைக்கப் படியேறி வந்து சேர்ந்தான். முதுகுவலி என்று வந்த ஆள் இப்படி வந்தால் யாராவது பார்த்துத் தொலைக்க மாட்டார்களா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

டாக்டர் குள்ளமான பெண்மணி. நறுக்கென்று பேசினார்.

"முதல்லயே சொல்லிடறேன். நான் உங்களுக்கு வைத்தியம் பாக்கப் போறதில்ல. மருந்தும் எழுத மாட்டேன். இங்க நீங்க சொல்றது ரகசியமும் இல்ல, பாத்தது கேட்டது எல்லாத்தையும் எழுதிடுவேன். நான் கம்பெனி ஆளும் இல்ல, உங்க ஆளும் இல்ல. சம்மதமா?"

சம்மதித்தான். பரிசோதனை தொடங்கியதும் மச்சான் சொன்னதை ஒப்பித்தான். டாக்டர் உச்சந்தலையை லேசாக அழுத்தினார். "ஐயோ, முதுகு" என்று துடித்தான். படுக்க வைத்துக் காலைத் தூக்கினால் அலறினான். பிறகு பாதத்தைப் பார்க்கிற மாதிரி உட்கார வைத்து அதே காலை நீட்டியபோது, அலற மறந்துபோனான்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தார். "தலைய அழுத்தினா முதுகு இப்படி வலிக்காது. இதையும் எழுதத்தான் போறேன். ஆனா பயத்துலயும் மனுஷங்க இப்படிச் செய்வாங்க. உங்க நிஜமான வலி எவ்வளவோ அதுவே எனக்குப் போதும். மறுபடி முதல்லேர்ந்து பாக்கலாமா?"

அவனுக்கு அசடு வழிந்தது. இரண்டாம் முறை அலறாமல், வலித்த இடத்தில் மட்டும் வலிக்கிறது என்றான். டாக்டர் ஒவ்வொரு மூட்டையும் அளந்தார், பழைய ஸ்கேன்களை ஒன்றுவிடாமல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். இத்தனை நாளில் யாரும் அவனை இவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

கடைசியில் கேட்டார்: "நீங்க படியேறி வர்றதைப் பாத்தேன். ஏன்? லிஃப்ட் ஓடிக்கிட்டுதானே இருக்கு?"

"கூட்டமா..." என்று அவள் வாயெடுத்தாள்.

"அவரே சொல்லட்டும்மா."

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"விழுந்ததும் எழுந்திருக்க முடியல. இருட்டு. தலைக்கு மேல லிஃப்ட் நிக்குது. இப்ப இறங்கிடும், இப்ப இறங்கிடும்னே பாத்துக்கிட்டுக் கிடந்தேன். இன்னிக்கும் ஒரு கதவு மூடினா அந்த லிஃப்ட் தலைக்கு மேல வந்து நிக்குது. லிஃப்ட் மெக்கானிக் லிஃப்டுக்குப் பயப்படறான்னு யார்கிட்ட சொல்றது?"

படுக்கையறைக் கதவைத் திறந்தே போடுகிறானே என்று அவனை எத்தனை தடவை கடிந்திருக்கிறாள்.

"இது என் துறை இல்ல," என்றார் டாக்டர். "நான் பாக்கறது எலும்பு, தசை. எவ்வளவு எடை தூக்க முடியும், எவ்வளவு நேரம் நிக்க முடியும்னு வேலை செஞ்சு காட்டச் சொல்லிப் பாக்கறது இன்னொரு வகைப் பரிசோதனை. மனசுக்குப் பட்ட அடியப் பாக்கறது தனி. சில சமயம் ஆளையே பாக்காம ரிப்போர்ட்டுகள மட்டும் படிச்சும் எழுதுவாங்க. அப்படி எழுதியிருந்தா இது தெரிஞ்சே இருக்காது. மனநல டாக்டர் இவரைப் பாக்கணும்னு எழுதறேன். ஆனா என் ரிப்போர்ட்ல உங்களுக்குப் பிடிக்காததும் இருக்கும்."

இருந்தது. முதுகு பெருமளவு தேறிவிட்டது, லேசான வேலை செய்யலாம் என்று எழுதியிருந்தார். அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நான் சொல்லல?" என்று குதித்தான். மனநல டாக்டர் பார்க்க வேண்டும் என்றிருந்த அடுத்த பத்தியைப் படிக்கச் சொல்லி அவள் நீட்டினாள்.

இழப்பீட்டு வழக்கின் விசாரணை நாளில் கம்பெனி வக்கீல் கேட்டார்: "உங்களை முதுகைத்தானே பாக்கச் சொன்னோம். மனசைப் பத்தி ஏன் எழுதினீங்க?"

"முதுகு தனியா வரல. ஒரு மனுஷன் வந்தார்," என்றார் டாக்டர்.

பின்னாலேயே இவர்கள் வக்கீல் எழுந்து, முதுகு தேறியது என்பதைக் கொஞ்சம் தளர்த்திச் சொல்ல முடியுமா என்று பார்த்தார். டாக்டர் அதற்கும் மசியவில்லை. அளந்த கணக்கு இதுதான் என்றார். இரண்டு வக்கீல்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவளுக்கோ எழுந்து கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

அதன்பின் மனநல டாக்டர் அவனைத் தீர விசாரித்தார். சிகிச்சைக்குக் கம்பெனி ஒப்புக்கொண்டது. முதுகு தாங்குகிற அளவுக்கு, லிஃப்ட் ஸ்விட்ச் பலகைகளை மேஜையில் வைத்துப் பழுதுபார்க்கும் வேலை, தரைத்தளத்துப் பட்டறையில் கிடைத்தது.

வழக்கு முடிந்த அன்று கோர்ட் நடைபாதையில் டாக்டர் எதிரே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவன் எழுந்து நின்றான். அவர் லேசாகத் தலையசைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

"ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்" என்றான் அவன்.

"பேசினா நம்ம ஆளாயிடுவாங்க. அப்புறம் அவங்க எழுதினதை யாரு நம்புவா?" என்றாள் அவள்.

டாக்டர் திருப்பத்தில் மறைகிறவரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவனுக்குப் பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தார்கள்.