விஜயகலாவுக்குக் கை நீட்டாதவர்கள்

1

இந்தக் கதை ஒரு பத்திரிகைத் துணுக்கிலிருந்து பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2007ஆம் ஆண்டு, ஞாயிற்றுக்கிழமைத் தாள், வடை சுற்றி வந்த பக்கம். வீடியோ கேம் விளையாடிப் பழகிய டாக்டர்மாருக்குச் சத்திரசிகிச்சையில் கை தவறுவது குறைவாம். எந்த நாட்டில் கண்டுபிடித்தார்கள் என்பதை எண்ணெய் தின்றுவிட்டது. ஊரில் உள்ள தாய்மார் எல்லாம் பிடுங்கி ஒளித்துவைக்கிற சாமானுக்கு இப்படியொரு நற்சான்றிதழா என்று சிரித்துக்கொண்டே கை துடைத்தேன். அப்போதுதான் அரநாயக்கப் பக்கத்துத் தோட்ட டிஸ்பென்சரியில் பார்த்த ஒரு பெண் ஞாபகத்துக்கு வந்தாள்.

(இதில் பாதி பொய். எந்தப் பாதி என்று இப்போதே சொல்லத் தைரியம் இல்லை.)

2

முதல் தொடக்கம்: "விஜயகலாவின் விரல்கள் மின்னலைப் போல—" வேண்டாம். மின்னலுக்கு ஊசி போடத் தெரியாது.

இரண்டாவது: "மலையை மூடுபனி மெல்லப் போர்த்திய வேளையில்—" இதுவும் வேண்டாம். தோட்டத்துக் கதை என்றாலே பேனா தானாகப் பனியைப் பிடித்துக்கொள்கிறது.

மூன்றாவது இருக்கட்டும். விஜயகலாவுக்கு இருபத்தாறு வயது. ரப்பரும் தேயிலையும் கலந்த ஒரு தோட்டத்தின் டிஸ்பென்சரியில் உதவியாளராக வந்தவள். அதற்கு முன் டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒன்பது மாதம் பயிற்சி. முதலில் தோடம்பழத்துக்கு ஊசி போட்டாள், பிறகு ரப்பர் குழாய்க்கு, பிறகு மனிதர்களுக்கு. கூடப் பயின்றவர்களில் தமிழ் பேச ஒருத்தியும் இல்லை. சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடுதான். ஆனாலும் தன் பாஷையில் சிரிக்க ஒரு ஆள் வேண்டுமே. ஊருக்குப் போகிற வழியில் ரம்புக்கனை ஸ்டேஷனில் ஒரு பிரிக் கேம் வாங்கினாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டி. மேலிருந்து கட்டைகள் விழும், திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். வரிசை நிரம்பினால் மறையும், நிரம்பாவிட்டால் உச்சி வரை குவிந்து ஆட்டம் முடியும்.*

* நானும் ஒன்று வாங்கிப் பார்த்தேன். மூன்று நிமிடம் தாங்கவில்லை.

சாப்பாட்டு நேரம், பஸ்ஸில் போகும் நேரம், துணி காயக் காத்திருக்கும் நேரம் எல்லாம் அந்தப் பெட்டிதான் துணை. கண் ஓரிடத்தில் நிற்கவும் விரல் பதறாமல் இருக்கவும் பழகிவிட்டன. குழந்தைகளின் நூல் நரம்பைக்கூட ஒரே குத்தில் பிடித்தாள். கஷ்டமான கை வந்தால் பெரிய நர்ஸ் மிஸ்ஸிமாரே அவளைக் கூப்பிட்டார்கள். என் பத்திரிகைத் துணுக்குக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. இங்கேயே முடித்திருந்தால் நல்ல கதை.

3

தோட்டத்துக்கு வந்து அவள் போட்ட முதல் ஊசி முத்துவீரன் கங்காணிக்கு. காலில் துருப்பிடித்த ஆணி குத்தியதற்கு, டெட்டனஸ் வராமலிருக்கப் போடும் ஏர்ப்பு ஊசி. எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை என்று மெச்சிவிட்டுத்தான் கங்காணி எழுந்து நடந்தார். மறுநாள் சாயந்தரம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் விழுந்து இறந்துபோனார். நெடுநாள் நெஞ்சு வியாதி, அதுதான் காரணம் என்று பெரியாஸ்பத்திரியில் எழுதியும் கொடுத்தார்கள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். நல்ல பிள்ளைதான், கைராசிதான் இல்லை என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

டிஸ்பென்சர் பழனியப்பன் ஐயாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, கை நடுங்கும். மூன்று குத்து வீணாகி நாலாவதில்தான் நரம்பு அகப்படும். ஆனால் வரிசை அவரிடம்தான் வாசல் வரை நிற்கும். வீங்கிய கையைத் தடவிக்கொண்டே, ஐயா கை ராசியான கை என்று சொல்லிப் போவார்கள்.

ஐயா லீவில் போயிருந்த ஒரு நாள் இருளாயி வந்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். வெட்டுக் கத்தி வழுக்கி உள்ளங்கை கிழிந்திருந்தது. விஜயகலா கழுவினாள், தைத்தாள், கட்டினாள். அதுவரை சரி. ஊசிக்குள் மருந்தை ஏற்றியதும் இருளாயி கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஊசிய ஐயா வந்து போடட்டும் மிஸ்ஸி."

"ஐயா வர ரெண்டு நாளாகும்ங்க."

"அப்ப ரெண்டு நாள் கழிச்சு வாறேன். கோவிச்சுக்காதீங்க. எனக்கு மூணு பொட்டப்புள்ளைங்க இருக்கு."

கோபித்துக்கொள்ளத்தான் விஜயகலா ஆசைப்பட்டாள். அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு எப்படிக் கோபிப்பது? ஏற்றிய மருந்தை வாளியில் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை எடுத்தாள். அன்று அவள் எடுத்த புள்ளியை அதற்கு முன் எடுத்ததில்லை. சொல்ல ஆள் இல்லை.

4

இந்த இடத்தில் எனக்குப் பழனியப்பன் ஐயா மேல் சந்தேகம் வந்தது. நல்லவராக எழுதுவதா, கெட்டவராகவா? நல்லவர்தான். வரிசையில் நிற்பவர்களிடம், அந்தப் பிள்ளையின் கை என் கையைவிடச் சுத்தமான கை என்று வாதாடுவார். அவருக்குச் சீனி வியாதி, தினமும் இன்சுலின். ஒரு காலை மருந்து அறைக்குள் போன விஜயகலா, அவர் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுங்கும் கையால் வயிற்றில் மாறி மாறிக் குத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"குடுங்கய்யா, நான் போடுறேன்."

"வேணாம்மா. எனக்குப் பழகிப்போச்சு."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. முத்துவீரன் இறந்தபோது அழாதவள் அன்று அழுதாள்.

5

முடிவுகள்.

(அ) பஸ் ஒன்று பள்ளத்தில் கவிழ்கிறது. ஐயா இல்லை. விஜயகலா ஒருத்தியாக நின்று பதினொரு பேருக்கும் ஒரே குத்தில்— ஒரு பெண்ணுக்குக் கைராசி வாங்கித்தர நான் ஒரு பஸ்ஸைக் கவிழ்க்க வேண்டுமா? அடித்துவிட்டேன்.

(ஆ) கொழும்புக்குப் போகிறாள். அங்கே முத்துவீரனை யாருக்கும் தெரியாது. (அவள் மனுக் கொடுத்தாள். பதில் வரவில்லை.)

(இ) இருளாயி திரும்பி வருகிறாள். வந்தாள்தான். இரண்டு நாள் கழித்து, ஐயாவிடம்.

6

இப்போது அந்தப் பொய்ப் பாதி. துணுக்கைப் படித்தது நிஜம். ஆனால் கதை அதில் பிறக்கவில்லை. அதற்கு ஒரு வருடம் முன்பே என் கையில் பிறந்தது.

அரநாயக்க பஜாரில் என் தங்கை சுஜீதாவின் கடை. பின்பக்கத் தகரம் என் முழங்கைக்குக் கீழே கிழித்தது. கபூர் என்பவரின் ஆட்டோவில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். போகிற வழியில் அவர் கங்காணி கதையைச் சொன்னார், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பேச்சுத் துணைக்கு. ஐயா அன்றும் இல்லை. விஜயகலா ஊசிக்குள் மருந்தை ஏற்றினாள். நான் சட்டைக் கையைச் சுருட்டியிருந்தேன். படித்தவன், புத்தகம் எழுதுகிறவன், மூடநம்பிக்கையைக் கண்டித்து இரண்டு கட்டுரை போட்டவன். சட்டைக் கையை இறக்கிவிட்டு, கேகாலை ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்கிறேன், அவசரம் ஒன்றுமில்லையே என்றேன். வெட்கமாக இருக்கிறது, எழுதும் இந்த நிமிடமும்.

"சரிங்க. இன்னைக்கே போட்டுக்கங்க" என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டாள். போக மனமில்லாமல் வாசலில் நின்று, அது கைக்கு நல்ல பயிற்சியா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"பயிற்சிக்கெல்லாம் இல்லீங்க" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதுல நான் தோத்தாலும் எதிர்ல யாரும் எந்திரிச்சுப் போறதில்ல."

7

ஆகவே நான்காவது முடிவு ஒன்று உண்டு. அதில் எழுதுகிறவன் திரும்பிப் போய்ச் சட்டைக் கையைச் சுருட்டி— ஐந்து தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். தாளில் கை நீட்டுவது யாருக்கும் சுலபம். காயம் ஆறிய பிறகு நீட்டுகிற கை அவளுக்கு எதற்கு?

உங்களைத்தான் டிஸ்பென்சரியில் ஊசி போடும் நாற்காலியில் உட்காரவைக்க நினைத்தேன். நீங்கள் தோட்டத்து ஆள் இல்லை, லயத்துப் பேச்சு உங்கள் காதில் விழுந்ததில்லை, யோசிக்காமல் கையைக் கொடுத்திருப்பீர்கள். ஆனால் முத்துவீரன் கதையை மூன்றாம் பகுதியிலேயே சொல்லிவிட்டேன். கபூர் எனக்குச் செய்ததை நான் உங்களுக்குச் செய்துவிட்டேன், நானும் பேச்சுத் துணைக்குத்தான்.

இனி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஐயா இன்று லீவு. ஊசிக்குள் மருந்து ஏற்றியாகிவிட்டது, பஞ்சும் நனைத்துவிட்டாள். உங்கள் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.