ஒரு குரைப்புக்கு நாலு பதில்

லிப்ட் மெக்கானிக்குக்குத் தன் வேலை பிடித்திருந்ததற்கு ஒரே காரணம்தான். ஒரு இயந்திரத்துக்கு ஒரு கையேடு. கதவு மூடவில்லையா, பக்கத்தைப் புரட்டினால் காரணம் இருக்கும். வழியில் போகிற யாரும் வந்து, "எங்க வீட்டு லிப்டுக்கு நாங்க இப்படிச் செய்ய மாட்டோம்" என்று சொல்வதில்லை.

நாய் விஷயத்தில்தான் மனிதர் வசமாக மாட்டிக்கொண்டார்.

அதை அவர் ஒரு பழைய கட்டடத்தில், லிப்டுக்கு அடியில் இருந்த குழியில் கண்டெடுத்தார். உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, குரல் மட்டும் உடம்பைவிடப் பெரியது. வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டியதும், கல்லூரியில் படிக்கும் மகள் அதற்கு 'கிரீஸ்' என்று பெயர் வைத்தாள். மனைவி முதலில் முகத்தைச் சுளித்தாள். ஆனால் மறுநாளே தன் பழைய சால்வையை மடித்து அதற்குப் படுக்கை போட்டுவிட்டாள்.

கிரீஸ் வளர்ந்தது. அழைப்புமணி அடித்தால் போதும், வீடே இடிந்து விழுகிறமாதிரி குரைக்கும். வருகிறவர் மேல் தாவும். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் ஏறி வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலிலேயே நின்று, தன் மனைவி இரவுப்பணி முடித்துப் பகலில்தான் தூங்குகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். கத்தியிருந்தால்கூட மெக்கானிக்குக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அன்றைக்கே யோசனை கேட்கத் தொடங்கினார். கேட்டதுதான் தப்பு.

காவல் நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருந்த மனைவியின் அண்ணன், நாய்க்கு யார் தலைவன் என்று காட்ட வேண்டும் என்றார். அது சாப்பிடும் முன் நீங்கள் சாப்பிட வேண்டும், வாசலை முதலில் நீங்கள் தாண்ட வேண்டும், குரைத்தால் ஒரே அதட்டு. கால்நடை மருத்துவர், அதட்டவே கூடாது, மணி அடித்ததும் பாயைக் காட்டி அதில் உட்கார வைத்து பிஸ்கட் துண்டு கொடுங்கள் என்றார். மகள் போனில் நிறையப் பார்த்துவிட்டு, குரைக்கும்போது முதுகைக் காட்டி நின்றால் தானாக அடங்கும் என்றாள். மனைவிக்கு இதற்கெல்லாம் பொறுமையில்லை. மணி அடித்தால் நாயைக் குளியலறையில் தள்ளித் தாழ் போட்டுவிடுவாள்.

ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள். மெக்கானிக்கும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று எல்லாவற்றையும் செய்து பார்த்தார். ஒன்று சரிவரவில்லை என்றதும் அடுத்ததற்குத் தாவினார். சில வாரங்களில் கிரீஸ் புதிதாக ஒன்று செய்ய ஆரம்பித்தது. மணி அடித்ததும் குரைக்கும், தானே குளியலறை வாசல் வரை ஓடும், பாதியில் திரும்பி வந்து பிஸ்கட் டப்பாவைப் பார்க்கும், பிறகு அவர் முகத்தைப் பார்க்கும், கடைசியில் நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்துவிடும். துடைக்கிற வேலை அவருடையது. ஈரத்துணியைப் பிழியும்போதெல்லாம் அவருக்கு யார்மேல் என்று தெரியாமல் எரிச்சல் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சான் வந்திருந்தார். நாய் இன்னும் அடங்கவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் திருப்திகூட. அந்த நேரம் பார்த்துப் பார்சல் கொண்டுவருகிறவர் மணி அடித்தார். மகள் கதவைத் திறந்தாள். வந்தவரின் காலிடுக்கில் புகுந்து, படியிறங்கி, கிரீஸ் தெருவுக்கே போய்விட்டது.

எல்லாரும் பின்னால் ஓடினார்கள். நாய் நடுத்தெருவில் இருந்தது. வளைவில் ஒரு சரக்கு வண்டி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. மச்சான் "உட்காரு!" என்று அதட்டினார். மனைவி "உள்ள போ, உள்ள போ" என்றாள். மகள் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். மெக்கானிக், கையில் பிஸ்கட் இல்லாவிட்டாலும் இருப்பதுபோல விரல்களைக் குவித்துக்கொண்டு, "வா, வா" என்றார்.

கிரீஸ் பாதி உட்கார்ந்தது. எழுந்தது. ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி ஒவ்வொருவராகப் பார்த்தது. வாலை ஒடுக்கிக்கொண்டு, எங்கும் போகாமல், அங்கேயே உறைந்து நின்றது.

வண்டி வந்துகொண்டேயிருந்தது. மெக்கானிக் பாய்ந்து போய் அதன் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினார். வண்டி குலுங்கி நின்றது. ஓட்டுநர் இறங்கி, பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார். மெக்கானிக் நாயை அள்ளி எடுத்தார். அதன் நெஞ்சு அவர் கைக்குள் படபடவென்று அடித்தது.

வீட்டுக்குள் வந்ததும் மச்சான் சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன், மாப்ள. கொஞ்சம் கண்டிப்பு இருந்திருந்தா..."

"போதும்," என்றார் மெக்கானிக். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "இனிமே இந்த வீட்ல யாரும் நாய்க்கு எதுவும் சொல்ல வேண்டாம். நானும் இத்தனை பேர்கிட்ட கேட்டுக் கேட்டு அதைப் பைத்தியமாக்கினதுதான் மிச்சம்."

"நல்லதுக்குத்தானேப்பா சொன்னோம்," என்றாள் மகள்.

"எல்லாரும் நல்லதுக்குத்தான் சொன்னீங்க. அது நடுத்தெருவுல நின்னுச்சு."

மச்சான் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். அண்ணனை அப்படிப் பேசலாமா என்று மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மெக்கானிக் பாயையும் பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டார். அதுதான் சரி என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியாது. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும் என்றிருந்தது. கீழ்வீட்டுக்காரரிடம் போய், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். தினமும் மகள் வெளியே நின்று மணி அடிப்பாள். அவர் பாயைக் காட்டுவார். பலமுறை அது கேட்கவில்லை. வேறு ஏதாவது செய்து பார்க்கலாமா என்று கை அரிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் பாயையே காட்டுவார்.

மூத்திரம் பெய்வது முதலில் நின்றது. அப்புறம் ஒருநாள் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் வந்தார். கிரீஸ் இரண்டே முறை குரைத்துவிட்டுப் பாயில் போய் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. மெக்கானிக் அவசரமாக டப்பாவைத் திறந்தார். பிஸ்கட்டைக் கொடுத்தார்.

மீட்டர்காரர் எண்ணைக் குறித்துக்கொண்டு, கிளம்பும்போது நின்றார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். குரைச்ச நாய்க்கு பிஸ்கட் கொடுக்கக் கூடாது. எங்க வீட்ல என்ன பண்ணுவோம்னா..."

"படி ஈரமா இருக்கு, பாத்துப் போங்க," என்று சொல்லி மெக்கானிக் கதவைச் சாத்தினார்.