அரிசியாகக் கொடுத்த ஜீவனாம்சம்

மலாயாவில், பத்து பாகாட் ஊர்க் கோர்ட் வாசலில் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு முன்னால் இன்பராணி இடுப்பு வரை குனிந்தாள். கையிலிருந்த மகள் பேட்ரிசியாவின் தலையையும் பிடித்து அழுத்தினாள். குனியாதவர்களுக்கு அங்கே விழுகிற அறையை அவள் பார்த்திருக்கிறாள்.

வழக்குப் போட்டதே அவள்தான். புருஷன் மரியநாதன் சிம்பாங் ரெங்கத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டான். பிள்ளைக்கு மாதாமாதம் ஜீவனாம்சம் கட்டச் சொல்லி வெள்ளைக்காரன் காலத்திலேயே உத்தரவாயிற்று. மரியநாதன் கொஞ்ச நாள் கட்டினான். ஜப்பான்காரன் வந்ததும், இனி எந்தக் கோர்ட் கேட்கப் போகிறது என்று கையை விரித்துவிட்டான். ஆனால் கோர்ட் மறுபடி திறந்தது. மரவள்ளியையே தின்று பிள்ளையின் கால் வீங்கிப்போனபோது இன்பராணி மனு கொடுத்தாள். போலீஸ் அவனைப் பிடித்து வந்து லாக்கப்பில் போட்டது. அவளுக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டவள் பக்கத்து வீட்டு ஜெய்னம்பு.

"என்ன புள்ள காரியம் பண்ணிட்டே? பாக்கி கட்டலன்னா ஜெயிலு. ஜெயில்ல கிடக்கிற ஆம்பளைங்கள லாரியில ஏத்தி, சயாமுக்கு ரயில் ரோடு போட அனுப்புறாங்கன்னு மார்க்கெட்டு பூரா பேச்சு. போனவங்க ஒருத்தராச்சும் திரும்பி வந்தாங்களா?"

இன்பராணி நாலு பேர் முன்னால் அவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டாள். அவன் சாக வேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. விடிய விடிய யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். பாக்கியைக் கொடுத்துவிட்டான் என்று சொல்லிவிடுவது. பணமாகக் கொடுத்தான் என்று சொல்ல முடியாது. ஜீவனாம்சப் பணத்தைக் கோர்ட்டில்தான் கட்ட வேண்டும். கட்டியிருந்தால் அவர்களுக்கே தெரிந்திருக்கும். பொருளாகத் தன் கையில் கொடுத்தான் என்றால் யார் மறுக்க முடியும்?

கூப்பிட்டார்கள். வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்தபோது, மாதாவே மன்னிச்சிரு என்று மனசுக்குள் முனகிக்கொண்டாள். எதிரே மலாய்க்கார நீதிபதி. அவர் பக்கத்தில் கத்தியை முழங்காலில் சாய்த்துக்கொண்டு ஒரு ஜப்பான் அதிகாரி அரைத்தூக்கத்தில் இருந்தான்.

"பாக்கி வந்துச்சாம்மா?" என்று மொழிபெயர்ப்பாளர் கனகராஜ் கேட்டார்.

"வந்துருச்சுங்கய்யா. என் கையிலதான் கொடுத்தாரு."

"என்ன கொடுத்தாரு?"

மரவள்ளி என்று சொல்லியிருக்கலாம். தேங்காய் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பிள்ளைக்கு ஒரு வாய் சோறு போட மாட்டோமா என்று எத்தனையோ நாளாக ஏங்கிக் கிடந்தவள் அவள். வாய் தானாகத் திறந்தது.

"அரிசிங்கய்யா. ஒரு மூட்டை."

கனகராஜ் அவளையே பார்த்தார். வேறு வழியில்லாமல் மலாயில் சொன்னார். "பெராஸ்" என்ற சொல் காதில் விழுந்ததும் அதிகாரி கண்ணைத் திறந்தான். ரேஷனில் படியளந்து கொடுக்கிற அரிசி, ஒரு மூட்டையாக எங்கிருந்து வந்தது? யார் விற்றது? கள்ள அரிசி வைத்திருந்தவர்களை இராணுவப் போலீஸ் கொண்டுபோய் என்ன செய்தது என்பது ஊருக்கே தெரியும்.

 என்ன சொல்லித் தொலைத்துவிட்டேன்! இன்பராணி பிள்ளையை இறுக்கி அணைத்தாள். அதிகாரி எழுந்து அவளை நோக்கி வந்தான்.

"அரிசியெல்லாம் கிடையாதுங்கய்யா!"

கூண்டிலிருந்து மரியநாதன்தான் கத்தினான்.

"நான் ஒண்ணும் கொடுக்கல. ஒரு பிடி அரிசிகூட கொடுக்கல. என்னைக் காப்பாத்தப் பொய் சொல்லுது. வேணும்னா அவ வீட்டைச் சோதிச்சுப் பாருங்க. சட்டியில மரவள்ளிதான் இருக்கும்."

கனகராஜ் அவசர அவசரமாக மொழிபெயர்த்தார். அதிகாரி பிள்ளையின் வீங்கிய காலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பொய் சொன்னதற்காக இன்பராணியை ஓங்கி ஓர் அறை அறைந்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினான். பாக்கி கட்டாத குற்றத்துக்கு மரியநாதனுக்கு இரண்டு மாதம் ஜெயில் என்றார் நீதிபதி.

அவனை வெளியே கொண்டுபோகும்போது இன்பராணி பின்னாலேயே ஓடினாள். காது இன்னும் கொய்யென்றிருந்தது.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க? ஆமான்னு தலையாட்டியிருக்கலாமே! ஜெயிலுன்னா எங்க கொண்டு போவாங்கன்னு தெரியுமில்ல?"

"தெரியும்." அவன் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தான்.  "உன்னையும் பிடிச்சுட்டா பிள்ளைய யாரு பார்க்கிறது?"

அதற்குள் பிடித்துத் தள்ளி லாரியில் ஏற்றிவிட்டார்கள். அதில் ஏற்கெனவே ஆட்கள் நிறைய இருந்தார்கள். பேட்ரிசியா அவனை அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்பராணி கனகராஜின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, ஜெயிலுக்குத்தானே கொண்டு போறாங்க? இங்க இருக்கிற ஜெயிலுக்குத்தானே?"

கனகராஜ் லாரி போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போம்மா," என்றார்.