சிரிப்பு சார் பேசுகிறார்

பாதுகாப்பு அதிகாரி பேசினால் யார் காது கொடுத்துக் கேட்கப் போகிறார்கள்? முதல் மாத விபத்துத் தடுப்புக் கூட்டத்தில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள், மீதிப் பேர் செல்போனில் தலை கவிழ்ந்தார்கள். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த மாதம், ஏணியிலிருந்து விழுகிறவனைப் போல மேடையிலேயே தொப்பென்று விழுந்து காட்டினார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அதிலிருந்து மாதம் ஒரு விபத்து. கரண்ட் அடித்துத் துடித்தார், மெஷினில் கையைக் கொடுத்து அலறினார். ‘சிரிப்பு சார்’ என்ற பேரும் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் உள்ளூரப் பெருமைதான், பொய் சொல்வானேன்.

இன்று காலை லிஃப்டின் இரும்புக் கயிற்றைப் பார்த்தார். இழை இழையாகப் பிரிந்து கிடந்தது. லிஃப்டை நிறுத்தும் சுவிட்ச் பெட்டியின் சாவி மேனேஜரிடம். அவரோ, “எதுவானாலும் மீட்டிங்ல சொல்லுங்க” என்று போனை வைத்துவிட்டார்.

கூட்டத்தில் சிரிப்பு சார் எழுந்தார். நடிப்பு ஏதுமில்லை.

“லிஃப்ட் கயிறு அறுந்துட்டிருக்கு. இப்பவே நிறுத்தணும். யாரும் ஏறாதீங்க.”

எல்லோர் கண்ணும் அவர் மேல்தான். எப்போது விழப் போகிறார் என்று காத்திருந்தார்கள்.

“விளையாட்டில்ல, சத்தியமா சொல்றேன்” என்று கை கூப்பினார். முன்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், ஆளாளுக்கு மேசையைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “அடேங்கப்பா, இந்த மாசம் முகத்துலயே காட்டிட்டாரு!”

கூட்டம் கலைந்தது. சிரிப்பு சார் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். அதற்குள் லிஃப்ட் நிறைந்துவிட்டது. உள்ளே மேனேஜர், அவருக்குப் பின்னால், கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் இவருடைய மச்சினி. மூடப்போன கதவுக்குக் குறுக்கே காலை நீட்டினார்.

“காலை எடுங்க சார், டீ ஆறிடும்.”

“வெளிய வாங்க. உங்க கால்ல விழறேன், வந்துடுங்க.” கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது.

உள்ளே ஒரே கைதட்டல். கதவு வந்து காலை இடித்தது, விலகியது, மறுபடி இடித்தது. எலும்பு வரை வலித்தது. காலை எடுக்கவும் முடியாது, இப்படியே நிற்கவும் முடியாது. இந்தச் சிரிப்பைப் பாடுபட்டுச் சம்பாதித்தவர் அவர்தான். இனி யாரிடம் போய் அழுவது?

மச்சினி, பக்கத்தில் நின்றவளிடம் பெருமையாகச் சொன்னாள்: “வீட்டுலயும் எங்க மாமா இப்படித்தான்.”